செம்புக் குழாய்: கிணறு சம்மதிக்குமா?

வீட்டுக்குச் செம்புக் குழாய் போட நினைப்பவர்கள் விலையையும் தடிமனையும் விசாரிக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் அதற்கு முன்னால் விசாரிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது.

திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டையிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்குள் நுழைபவர் காதில் மலையாளத்தோடு தமிழும் தாராளமாக விழும். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் திவான் ராஜா கேசவதாஸ் வளர்த்தெடுத்த சந்தை இது. பாத்திரக் கடைகளில் செம்புக் குடங்களும் சொம்புகளும் பளபளக்கின்றன. இரும்புச் சாமான் கடைகளில் அதே உலோகம் குழாயாகச் சுருண்டு தொங்குகிறது. குடம் வாங்குபவர் தட்டிப் பார்த்து, எடை போட்டு, வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். குழாய் வாங்க வந்தவரோ ஆயிரம் கேள்விகள் கேட்கிறார். அரை அங்குலமா, முக்கால் அங்குலமா? மெல்லியது போதுமா, தடித்ததா? சுருளா, நீட்டுக் குழாயா?

நியாயமான கேள்விகள்தான். ஆனால் இந்தக் குழாயில் எந்தத் தண்ணீர் ஓடப்போகிறது என்ற கேள்வியைக் கடைக்காரரும் கேட்பதில்லை, வாங்குபவரும் சொல்வதில்லை. மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் விடை அதில்தான் இருக்கிறது.

இந்திய வீடுகளில் செம்புக் குழாய் இன்னும் விருந்தாளிதான். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கட்டப்பட்ட வீடுகளில் அது சர்வ சாதாரணம். இங்கே முதலில் துத்தநாகப் பூச்சு போட்ட ஜி.ஐ. குழாய் ஆண்டது. பிறகு பி.வி.சி. வந்தது, வெந்நீருக்கு சி.பி.வி.சி. வந்தது. பெரிய ஓட்டல்களின் வெந்நீர் இணைப்பு, மருத்துவமனைகளின் ஆக்சிஜன் குழாய், ஏ.சி. இயந்திரம் என்று செம்பு தனக்கென்று சில இடங்களை வைத்துக்கொண்டது. வெளிநாட்டில் சில வருடங்கள் இருந்துவிட்டு ஊர் திரும்பி வீடு கட்டுபவர்களில் சிலர் அதைச் சமையலறைக்கும் கேட்கிறார்கள். துரு ஏறாது, வெயிலில் வெளிறாது, எலி கடிக்காது, ஐம்பது வருடம் உழைக்கும். இவை பொய் இல்லை. ஆனால் இவை எல்லாம் தண்ணீர் ஒத்துழைத்தால் மட்டுமே உண்மை.

திருவனந்தபுரத்தின் தண்ணீர் ஒத்துழைக்கிற ரகமா என்பதுதான் சந்தேகம்.

கேரளத்தின் நடுநாட்டு மேடுகளுக்கு அடியில் கிடப்பது செம்புறாங்கல். மலையாளத்தில் வெட்டுக்கல் என்பார்கள். 1807இல் வெளியான தன் பயண நூலில் பிரான்சிஸ் புக்கானன் இதற்கு ‘லாட்டரைட்’ என்று பெயர் வைத்தார். அவர் பார்த்த கல் மலப்புரம் மாவட்டம் அங்காடிப்புரத்தில் இருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அங்கே ஒரு நினைவுக்கல்லே நட்டிருக்கிறது. லட்சக்கணக்கான வருடங்களாக மழை கழுவிக் கழுவி, சுண்ணாம்புச் சத்து முழுவதும் போய், இரும்பும் அலுமினியமும் மிஞ்சிய கல் இது. மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் வழியில் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. மற்ற ஊர்களில் மண்ணிலுள்ள சுண்ணாம்பு அந்த அமிலத்தை அடக்கிவிடும். இங்கே அடக்க ஆள் இல்லை.

விளைவு: செம்புறாங்கல் பூமியில் தோண்டிய கிணறுகளில் தண்ணீரின் பி.எச். அளவு 5.5, 6 என்று இருப்பது சாதாரணம். நடுநிலை என்பது 7. இந்த அளவுகோலில் ஒரு புள்ளி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறும் என்பதை மறந்துவிட்டால் 6க்கும் 7க்கும் வித்தியாசம் சின்னதாகத் தெரியும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 விதிக்கும் வரம்பு 6.5 முதல் 8.5 வரை. கண்ணாடி போலத் தெளிந்து, இளநீர் போல இனிக்கும் கிணற்றுத் தண்ணீர்கூட இந்த வரம்புக்குக் கீழே இருக்கலாம். நாக்குக்கு அது தெரியாது. செம்புக்குத் தெரியும்.

கேரளத்தில் கிணறு இல்லாத வீடு அபூர்வம். கடலோரப் பகுதியில் சதுர கிலோமீட்டருக்கு 200 கிணறுகள் வரை உண்டு என்று கணக்குச் சொல்கிறார்கள். தண்ணீர் ருசிக்கக் கிணற்றின் அடியில் நெல்லிப் பலகை போடுவது, கோடையில் தூர் வாரியதும் நீற்றிய சிப்பிச் சுண்ணாம்பு கொட்டுவது என்று பழைய வைத்தியங்களும் உண்டு. சுண்ணாம்பு போட்டவர்கள் பி.எச். என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் செய்தது சரியான காரியம்.

அதே போல, புளிக்குழம்பையும் மோரையும் ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் வைக்கக் கூடாது என்பது தமிழ்ச் சமையலறையின் பாலபாடம். புளிப்பு பட்டால் செம்பு கரையும், களிம்பு ஏறும், சாப்பிட்டால் வயிற்றைப் புரட்டும். உயிரோடு கூடவே பிறந்த ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்திகள் உவமை தேடியபோது கிடைத்ததும் செம்பும் களிம்பும்தான். ஈயம் பூசுபவர் தெருவில் குரல் கொடுத்த காலம் போய்விட்டது. ஆனால் அமிலக் கிணற்றுத் தண்ணீரைச் செம்புக் குழாயில் விடுவதும், மோரைச் செம்புப் பாத்திரத்தில் வைப்பதும் வேதியியலின் கண்ணுக்கு ஒரே காரியம். ஒன்று மெல்ல நடக்கிறது, மற்றது வேகமாக நடக்கிறது, அவ்வளவுதான்.

செம்புக் குடத்துத் தண்ணீர் நல்லது என்று காலங்காலமாகச் சொல்கிறார்களே என்ற கேள்வி வரும். அதிலும் உண்மை இருக்கிறது. பெங்களூர் ஆயுர்வேத ஆய்வு நிறுவனம் ஒன்றைச் சேர்ந்த விஞ்ஞானிகள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், வயிற்றுப்போக்குக் கிருமிகள் கலந்த தண்ணீரைச் செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்ததும் கிருமிகள் செத்துப்போயின. தண்ணீரில் கரைந்திருந்த செம்பு லிட்டருக்கு 0.18 மில்லிகிராம் அளவில்தான் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் அனுமதிக்கும் 2 மில்லிகிராமில் இது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: அந்தத் தண்ணீர் அமிலத் தண்ணீர் அல்ல.

தண்ணீரோ உணவோ செம்பைக் கரைக்கும் ரகமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவே உலகத்துக்குப் பாடம் சொல்லியிருக்கிறது. ஒரு காலத்தில் நம் நாட்டில் ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகளைக் கொண்டுபோன ஒரு கல்லீரல் நோய்க்கு மருத்துவ நூல்களில் ‘இந்தியக் குழந்தைப் பருவ ஈரல் சுருக்கம்’ என்றே பெயர். அந்தக் குழந்தைகளின் ஈரலில் செம்பு மிதமிஞ்சிச் சேர்ந்திருந்தது. டேனர், பாவே, பண்டிட் முதலானோர் 1983இல் ‘லான்செட்’ இதழில் எழுதிய கட்டுரை, ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த பாலைக் கைக்குழந்தைகளுக்குக் கொடுத்ததை நோக்கி விரல் நீட்டியது. மரபுக்கும் பங்கு இருக்கலாம் என்பவர்கள் உண்டு. ஆனால் எவர்சில்வரும் அலுமினியமும் சமையலறையைப் பிடித்த பிறகு நோய் கிட்டத்தட்ட மறைந்தே போயிற்று.

கதை அங்கே முடியவில்லை. பித்தளைப் பால்செம்பையே பார்த்திராத ஜெர்மனியில் 1980களில் இதே நோய் சில குழந்தைகளிடம் தலைகாட்டியது. விசாரித்தபோது தெரிந்தது: சொந்தக் கிணறு, அமிலத் தண்ணீர், வீட்டுக்குள் செம்புக் குழாய், அந்தத் தண்ணீரில் கலந்த புட்டிப்பால். கிணறும் அமிலமும் நமக்குப் புதிதல்ல. திருவனந்தபுரத்தில் ஒருவர் செம்புக் குழாயும் போட்டுவிட்டால் பட்டியல் அநேகமாக முழுமையாகிவிடும்.

பின்னர் ஜெர்மானியர்கள் எழுதிய விதி கறாரானது. குடிநீரின் பி.எச். 7.4 அல்லது அதற்கு மேல் இருந்தால் செம்புக் குழாய் போடலாம். 7.0க்கும் 7.4க்கும் இடையே என்றால், தண்ணீரில் கரிமச் சத்து லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டாதபோது மட்டும் போடலாம். 7க்குக் கீழே என்றால் செம்பு வேண்டாம். இந்த விதியைச் செம்புறாங்கல் பூமிக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலான கிணறுகள் வாசலிலேயே தோற்றுவிடும்.

நகரக் குழாய்த் தண்ணீரின் கதை வேறு. கரமனை ஆற்றை அருவிக்கரையில் தடுத்து, வெள்ளையம்பலத்துக்குக் கொண்டுவந்து சுத்திகரித்துத் தரும் திட்டத்தை ஸ்ரீசித்திரைத் திருநாள் மகாராஜா காலத்தில், 1933இல், வைஸ்ராய் வில்லிங்டன் பிரபு திறந்துவைத்தார். ஊர் வாயில் அவர் பெயர் ‘வெல்லிங்டன்’ ஆகிவிட்டது வேறு விஷயம். 1983இல் மேலே பேப்பாறை அணை வந்தது. 1984இல் கேரள நீர் ஆணையம் பொறுப்பேற்றது. ஆற்றுத் தண்ணீரும் மென்மையானதுதான். ஆனால் சுத்திகரிப்பு நிலையத்தில் சுண்ணாம்பு சேர்த்து அதன் அமிலத்தைச் சரிக்கட்டலாம். வீட்டுக் கிணற்றுக்கு அப்படி ஒரு காவலாளி இல்லை.

சிக்கல் என்னவென்றால், பல வீடுகளில் இரண்டு தண்ணீரும் ஒரே மேல்நிலைத் தொட்டியில் சங்கமமாகின்றன. நகராட்சித் தண்ணீர் வராத நாளில் கிணற்று மோட்டார் ஓடும். எனவே தன் வீட்டுக்கு ஆணையத்தின் இணைப்பு இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவரின் குழாயிலும் பாதி நாள் ஓடுவது கிணற்று நீராக இருக்கலாம்.

ஆகவே முதல் செலவு குழாய்க்கு அல்ல, பரிசோதனைக்கு. நீர் ஆணையத்தின் பரிசோதனைக் கூடங்களில் கட்டணம் செலுத்திப் பார்த்துக்கொள்ளலாம். பி.எச். மட்டும் போதாது, காரத்தன்மை, கடினத்தன்மை, குளோரைடு அளவுகளையும் கேட்க வேண்டும். இன்னொரு நுணுக்கம்: கிணற்று நீரைப் பாட்டிலில் பிடித்து வைத்தால் கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறி, பி.எச். தானாக ஏறிவிடும். காலையில் பிடித்து மாலையில் சோதித்தால் தண்ணீர் உண்மையைவிட நல்ல பிள்ளையாகத் தெரியும். கிணற்றடியிலேயே அளப்பது உத்தமம். இல்லையென்றால் பாட்டிலை விளிம்பு வரை நிரப்பிக் காற்று புகாமல் மூடி உடனே கொண்டுபோக வேண்டும். கோடையில் ஒரு தடவை, மழை ஓய்ந்ததும் ஒரு தடவை பார்ப்பது இன்னும் நல்லது.

அளவு 7க்குக் கீழே வந்தால் இரண்டு வழிகள். ஒன்று, தண்ணீரைத் திருத்துவது. சுண்ணாம்புக்கல் துகள் நிரப்பிய வடிகட்டி வழியாகத் தண்ணீரை விட்டால் அமிலம் கல்லைத் தின்று அடங்கும். தின்னப்பட்ட கல்லை அவ்வப்போது நிரப்ப வேண்டும். தண்ணீரின் கடினத்தன்மையும் கொஞ்சம் கூடும். கிணற்றில் நேரடியாகச் சுண்ணாம்பு கொட்டுவது அவசரத்துக்கு உதவும், ஆனால் முதல் வாரம் எகிறும் பி.எச். அடுத்த மழைக்கு மறுபடியும் விழுந்துவிடும். அந்த ஏற்ற இறக்கத்தை நம்பிச் சுவருக்குள் செம்பைப் புதைப்பது விவேகமல்ல. இரண்டாவது வழி இன்னும் எளிது: செம்பை மறந்துவிட்டு சி.பி.வி.சி. போடுவது. தோதான தரத்தில் வாங்கினால் கீசர் வெந்நீரைத் தாங்கும், அமிலத்துக்கு அசையாது. கௌரவம் மட்டும் கொஞ்சம் குறைவு.

தண்ணீர் தேர்வில் தேறியவர்களுக்குத்தான் தடிமன் பேச்சு. இங்கே ஒரு தவறான நம்பிக்கையை முதலிலேயே உடைத்துவிடலாம். தடித்த குழாய் வாங்குவது அழுத்தத்துக்காக அல்ல. பத்து மீட்டர் உயரத் தொட்டி தரும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோதான். மிக மெல்லிய ரகமே அதைப்போல் முப்பது மடங்கு தாங்கும். தடிமன் வாங்கித் தருவது ஆயுளை. அரிப்பு ஏற்பட்டாலும் ஓட்டை விழப் பல வருடங்கள் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் அமிலத் தண்ணீரில் கரையும் செம்பின் அளவு தடித்த குழாயிலும் குறையாது. சுவர் தப்பிக்கும், தண்ணீர் குடிப்பவருக்கு அதனால் லாபம் இல்லை.

அமெரிக்க முறையில் மூன்று ரகங்கள்: எம், எல், கே. அரை அங்குலக் குழாய் எதுவானாலும் வெளிவிட்டம் 15.9 மில்லிமீட்டர்தான். சுவர்த் தடிமன் மட்டும் முறையே 0.71, 1.02, 1.24 மில்லிமீட்டர். குழாயின் மேல் அச்சடித்த எழுத்தின் நிறமே அடையாளம்: எம் சிவப்பு, எல் நீலம், கே பச்சை. ஐரோப்பிய முறையில் வெளிவிட்டத்தையே பெயராகச் சொல்வார்கள்: 15, 22, 28 மில்லிமீட்டர். வீட்டுக்குள் சுவரில் புதைக்க எல் ரகம், அல்லது ஐரோப்பியக் குழாயில் 1 மில்லிமீட்டர் தடிமன், போதுமானது. மண்ணுக்குள் போகும் இடத்துக்கு கே. கண்ணுக்குத் தெரிய, கைக்கு எட்ட ஓடும் இணைப்புக்கு எம் ரகத்தில் தப்பில்லை.

எல் ரக அரை அங்குலக் குழாய் மீட்டருக்கு சுமார் 420 கிராம். 40 மீட்டர் ஓடும் வீட்டுக்கு ஏறக்குறைய 17 கிலோ. கிட்டத்தட்ட நகைக்கடைக் கணக்குத்தான்: அன்றைய உலோக விலை, அதன் மேல் செய்கூலி. அந்த உலோக விலையோ லண்டன் சந்தையில் தீர்மானமாகிறது. 2021 மே மாதத்தில் அது டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. தூத்துக்குடி ஆலை 2018இல் மூடப்பட்ட பிறகு சுத்திகரித்த செம்பை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த இந்தியா இறக்குமதி செய்யும் நாடாகவும் ஆகிவிட்டது.

கடைத்தெருவில் நடக்கும் சகஜமான குழப்பம் ஏ.சி. குழாய். சுருளாகத் தொங்குவது பெரும்பாலும் அதுதான். ஏ.சி. குழாயை வெளிவிட்டத்தால் அளப்பார்கள். அதன் அரை அங்குலம் 12.7 மில்லிமீட்டர். தண்ணீர்க் குழாயின் அரை அங்குலம் 15.9. இரண்டும் ஒன்று என்று நினைத்து வாங்கினால் எல்போவும் டீயும் பொருந்தாது; பொருந்த வைக்க பிளம்பர் செய்யும் வித்தைகள்தான் பிற்பாடு கசியும். இந்தியத் தரநிலைகளும் தனித்தனி: தண்ணீர்க் குழாய்க்கு ஐ.எஸ். 14810, குளிர்சாதனக் குழாய்க்கு ஐ.எஸ். 10773. பில்லில் எண்ணை எழுதி வாங்குவது புத்திசாலித்தனம். தண்ணீர்க் குழாயின் செம்பு 99.9 சதவீதம் சுத்தமாகவும், துளிப் பாஸ்பரஸ் சேர்ந்ததாகவும் இருக்க வேண்டும். உலோகத்தில் தங்கும் ஆக்சிஜனை வெளியேற்றத்தான் பாஸ்பரஸ். இல்லாவிட்டால் பற்றவைக்கும் சூட்டில் குழாய் நொறுங்கும் தன்மை பெறும்.

பற்றவைப்பில்தான் நம் ஊரில் கை தடுக்கும். ஜி.ஐ. குழாயில் மரை போட்டும், பி.வி.சி.யில் பசை தடவியும் பழகிய கைகளுக்குச் செம்பு புது வேலை. அறுத்த முனையின் உள்பிசிறைச் சீவாமல் விட்டால் தண்ணீர் அங்கே சுழித்து உலோகத்தைத் தேய்க்கும். பற்று மாவை அள்ளிப் பூசினால் உள்ளே வழிந்து கிடந்து குழி பறிக்கும். எல்லாவற்றிலும் முக்கியம், ஈயம் கலந்த பற்றுக்கம்பி கூடாது. அமெரிக்கா 1986லேயே குடிநீர்க் குழாய்களில் அதைத் தடை செய்தது. அப்படியும் பழைய ஈயக் குழாய்களும் பற்றுகளும் மண்ணுக்குள் இருந்தன. மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரம் 2014இல் செலவைக் குறைக்க, அரிக்கும் தன்மையுள்ள ஆற்று நீருக்கு மாறியது. அரிப்புத் தடுப்பு மருந்தும் சேர்க்கவில்லை. ஈயம் கரைந்து வீட்டுக் குழாய்களில் வந்தது. இங்கே எலக்ட்ரானிக்ஸ் கடையில் விற்கும் பற்றுக்கம்பியையே குழாய்க்கும் பயன்படுத்தும் பிளம்பர் கிடைத்தால் அவரை டீ கொடுத்து அனுப்பிவிடலாம்.

பழைய வீட்டில் பாதிக் குழாயை மட்டும் மாற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீர் முதலில் செம்பில் ஓடி, பிறகு ஜி.ஐ. குழாய்க்குள் போகும்படி அமைக்கக் கூடாது. கரைந்த செம்பு துத்தநாகப் பூச்சின் மேல் படிந்து, அங்கங்கே மின்கலம் போல வேலை செய்து இரும்பைத் துளைக்கும். ஜி.ஐ. முன்னால், செம்பு பின்னால் என்றால் பாதகம் குறைவு. இணையும் இடத்தில் பித்தளைத் துண்டு ஒன்று இருக்கட்டும்.

இது திருவனந்தபுரத்துக்கு மட்டுமான சங்கதி அல்ல. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களிலும், வடக்கே மங்களூர், கோவா வரையிலும் செம்புறாங்கல் தொடர்கிறது. சென்னை, தில்லி போல உப்பும் கடினமுமான ஆழ்துளை நீர் உள்ள ஊர்களில் பிரச்சினை தலைகீழ். அங்கே செம்பின் உட்புறத்தில் ஒரு படலம் படிந்து உலோகத்தைக் காக்கும். கீசருக்குள்தான் சுண்ணாம்பு கட்டித் தட்டும்.

ஏற்கெனவே செம்புக் குழாய் போட்டுவிட்டவர்கள் பார்க்க வேண்டியது வெள்ளை வாஷ் பேசினை. சொட்டும் குழாயின் அடியில் நீலப் பச்சைக் கறை தெரிந்தால் தண்ணீர் உலோகத்தைக் கரைக்கிறது என்று அர்த்தம். கறை இல்லை என்பதற்காகச் செம்பு இல்லை என்று ஆகாது; சோதனைதான் சொல்லும். ஐ.எஸ். 10500படி விரும்பத்தக்க அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை. சோதனைக்குப் பிடிக்க வேண்டியது இரவெல்லாம் குழாயில் நின்ற முதல் தண்ணீர். அதில்தான் செம்பு அதிகம். முடிவு வரும்வரை காலையில் குழாயைத் திறந்ததும் ஓரிரு நிமிடத் தண்ணீரை வாளியில் பிடித்துத் துணி துவைக்க வைத்துக்கொள்ளலாம். கீசர் வெந்நீரைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம். வீட்டில் புட்டிப்பால் குடிக்கும் குழந்தை இருந்தால், அதற்கான தண்ணீர் அந்தக் குழாய் வழியாக வராமல், கிணற்றிலிருந்து நேரே இறைத்துக் கொதிக்கவைத்து ஆறியதாக இருக்கட்டும்.